யாரும் எதையும் தொடலை, ஆனா பில்ட் ஓடலை

இந்த வார எபிசோடில் டிபெண்டென்சி பற்றிப் பேசும்போது ஒரு கதையைப் பாதியில் விட்டுட்டேன். நேரம் போதலை. முழுக் கதையும், அதுக்கப்புறம் நான் மாற்றிக்கொண்ட பழக்கங்களும் இங்கே. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2022 நவம்பர் 5, சனிக்கிழமை காலை. ஷார்ஜா அல் நஹ்தாவில் என் ஃபிளாட். ரியாத்தில் இருக்கும் ஒரு கிளையண்டுக்கு டெலிவரி டிராக்கிங் ஆப் ஒன்றைப் பராமரித்துக் கொண்டிருந்தேன். ரியாக்ட் நேட்டிவில் எழுதியது, வெர்ஷன் 0.63. எழுதினவர் நான் இல்லை. அவர் வேலையை விட்டு கனடா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்ஃபில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. ஆள் போயிடுவார், கோட் இருக்கும். ஒரு ஜிப் ஃபைல், ரெண்டு வரி ரீட்மீ, "எல்லாம் ஓடுது" என்று ஒரு மெயில். அவ்வளவுதான் ஹேண்டோவர்.

அன்றைய வேலை ரொம்பச் சின்னது. ஒரு பட்டனில் அரபு எழுத்துப்பிழை. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ஞாயிறு காலை ரியாத் ஆபீஸ் திறக்கும்போது புது ஏ.பி.கே அவங்க கையில் இருக்கணும். அரை மணி நேர வேலை, முடிச்சுட்டு மதியம் ரோலாவில் பிரியாணி சாப்பிடப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

எழுத்தைத் திருத்தினேன். பில்ட் கொடுத்தேன். சிவப்பு.

எர்ரர் சொன்னது இதுதான்: உங்க ஆப்பின் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு அளவு 16, ஆனா ரியாக்ட் நேட்டிவ் 0.71.0 ஆர்.சி 0 லைப்ரரிக்கு 21 வேணும்.

இப்போ படிக்கும்போது பதில் அந்த வரியிலேயே இருக்கு. எங்க ப்ராஜெக்ட் 0.63. 0.71 என்ற எண்ணே எங்க கோடில் எங்கேயும் கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று அப்பவே கேட்டிருக்கணும். ஆனா அவசரத்தில் எர்ரரின் முதல் பாதியை மட்டும் படிச்சேன். 16 என்பதை 21 என்று மாற்றினேன். ஒரு எர்ரர் போய் நாற்பது எர்ரர் வந்தது.

அடுத்து நம்ம எல்லாருக்கும் தெரிந்த சடங்குகள். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழிச்சேன். மறுபடி இன்ஸ்டால் பண்ணேன். கிரேடில் கேஷை மொத்தமா காலி பண்ணேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எடுத்துட்டு திரும்பப் போட்டேன். மணி பன்னிரண்டு.

சென்னையில் என்னோட சேர்ந்து வேலை பார்க்கிற தம்பிக்கு போன் போட்டேன்.

"அண்ணா, எனக்கு ஓடுதே. காலையில கூட ஏ.பி.கே எடுத்தேன்."

"அதே பிராஞ்ச் தானா?"

"அதே பிராஞ்ச், அதே கமிட். உங்க லேப்டாப்ல ஏதோ போல இருக்கு அண்ணா."

அவன் எடுத்த ஏ.பி.கேவையே அனுப்பிவிடலாம்னு பார்த்தா, சைனிங் கீ என்கிட்ட மட்டும்தான் இருந்தது. அதுவும் என் தப்புதான். ஆக, அடுத்த ரெண்டு மணி நேரம் என் லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன். ஜாவா வெர்ஷன் பார்த்தேன். நோட் வெர்ஷன் பார்த்தேன். முந்தின நாள் போட்ட சிஸ்டம் அப்டேட்டைத் திட்டினேன்.

மூன்று மணி வாக்கில் தம்பி திரும்பக் கூப்பிட்டான். "அண்ணா, இப்போ எனக்கும் போச்சு. நான் எதையும் தொடலை."

அன்னிக்கு நான் கேட்டதிலேயே சந்தோஷமான வாக்கியம் அதுதான்.

கூட்டல் குறியின் வேலை

என்ன நடந்தது என்று பார்ப்போம். ரியாக்ட் நேட்டிவ் ஆப்பில் ரெண்டு பக்கம் இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்கு என்.பி.எம் பொருட்களைக் கொண்டு வரும். ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு கிரேடில் கொண்டு வரும். ரியாக்ட் நேட்டிவின் ஆண்ட்ராய்டு லைப்ரரியும் என்.பி.எம் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துத்தான் பல வருஷமாக அனுப்பிக் கொண்டிருந்தார்கள். கிரேடில் அதை நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அப்போ புதுசா ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா கிடைத்த டெம்ப்ளேட்டில், அந்த லைப்ரரியின் வெர்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. வெறும் + இருந்தது. அர்த்தம்: கிடைப்பதில் ஆகப் பெரிய வெர்ஷனை எடு. பக்கத்திலேயே, இது நோட் மாட்யூல்ஸிலிருந்து வருகிறது என்று ஒரு கமெண்டும் இருந்தது. என்.பி.எம் எந்த வெர்ஷனைக் கொண்டு வந்ததோ அது ஒன்றுதான் அங்கே இருக்கப் போகிறது, பிறகு எதுக்கு எண்ணை ரெண்டு இடத்தில் எழுதணும் என்ற எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

ஆனா கிரேடில் அந்த ஒரு இடத்தில் மட்டும் தேடுவதில்லை. ப்ராஜெக்டில் எழுதியிருக்கும் எல்லாக் கிடங்கிலும் தேடும். அதில் மேவன் சென்ட்ரலும் ஒன்று. அங்கே ரியாக்ட் நேட்டிவின் 0.20 காலத்துப் பழைய வெர்ஷன்கள் மட்டும் இருந்தன. 0.63 பெருசா 0.20 பெருசா என்று பார்த்தால் 0.63. அதனால் பல வருஷம் சரியாகவே ஓடியது. தெருவில் ஒரே ஒரு மளிகைக் கடை திறந்திருக்கும் வரை "அண்ணாச்சி கடையில வாங்கிட்டு வா" என்றாலும் "கடையில வாங்கிட்டு வா" என்றாலும் ஒண்ணுதான். எதிரில் இன்னொரு கடை திறக்கும் அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எதிர்க் கடை திறந்த நாள் 2022 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை. என்.பி.எம் பேக்கேஜ் ரொம்பப் பெருசாகிப் போனதால், 0.71 முதல் ஆண்ட்ராய்டு லைப்ரரியை மேவன் சென்ட்ரலுக்கு மாற்றுவதென்று ரியாக்ட் நேட்டிவ் குழு முடிவெடுத்திருந்தது. அதன் முதல் சோதனை வெர்ஷனை, அதாவது ஆர்.சி 0வை, அன்று மேவன் சென்ட்ரலில் போட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து + என்று எழுதியிருந்த ப்ராஜெக்ட்களுக்கு "ஆகப் பெரிய வெர்ஷன்" அதுதான். 0.63இல் இருந்தவர், 0.68இல் இருந்தவர், யாராக இருந்தாலும் ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு வந்தது 0.71 ஆர்.சி. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு காலத்தில், ஆண்ட்ராய்டு இன்னொரு காலத்தில். உலகம் முழுக்க பில்ட்கள் விழுந்தன.

கவனியுங்க: அது முடிவான ரிலீஸ்கூட இல்லை, பரிசோதனைக்கு விட்டது. யாரும் அதைக் கேட்கலை. கேட்டது அந்தக் கூட்டல் குறி.

அந்தக் குழுவைக் குறை சொல்லத் தோணலை. என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதினார்கள். கிரேடில் ஃபைலில் சேர்க்க வேண்டிய சில வரிகளை உடனே கொடுத்தார்கள்: ரியாக்ட் நேட்டிவை நோட் மாட்யூல்ஸிலிருந்து மட்டும் எடு, வேறெங்கேயும் தேடாதே என்று சொல்லும் வரிகள். அடுத்து 0.63 முதல் 0.70 வரை ஒவ்வொரு வரிசைக்கும் திருத்தின வெர்ஷன் விட்டார்கள். அன்று இரவு அந்தச் சில வரிகளைப் போட்டேன். பில்ட் ஓடியது. பதினோரு மணிக்கு ஏ.பி.கே கையில். ரோலா பிரியாணி மட்டும் போச்சு.

தம்பி லேப்டாப்பின் ரகசியம்

அப்போ காலையில் சென்னையில் எப்படி ஓடியது? இது தெரியாமல்தான் ரெண்டு மணி நேரம் என் லேப்டாப்பைத் திட்டினேன்.

+ மாதிரி வெர்ஷனைப் பார்க்கும்போது, கிரேடில் ஒவ்வொரு தடவையும் வெளியே போய்த் தேடாது. ஒரு தடவை தேடிக் கிடைத்த பதிலை 24 மணி நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. தம்பி வெள்ளிக்கிழமை மதியம் தேடிய பதில் அவன் மெஷினில் இருந்தது. அப்போ எதிர்க் கடை திறக்கலை. சனி காலை அவன் பில்ட் செய்தபோது கிரேடில் பழைய பதிலையே எடுத்துக்கொண்டது. மதியம் 24 மணி நேரம் முடிந்தது. திரும்பத் தேடியது. உடைந்தது.

நானோ, காலையில் பல நாள் கழித்து பில்ட் செய்தேன். என் ஞாபகம் காலாவதி. போதாக்குறைக்கு, சரிபண்றேன் பேர்வழி என்று கேஷை வேறு முழுசா அழிச்சேன்.

அதனால் "என் மெஷினில் ஓடுதே" என்று யாராவது சொன்னால் இப்போ சிரிக்கிறதில்லை. அவர் உண்மையைத்தான் சொல்றார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்க மெஷின் கடைசியா எப்போ வெளியே போய்க் கேட்டது? ஒரே கோட், ஒரே கமிட், ஆனா ரெண்டு பேர் ரெண்டு வேறு பொருளை பில்ட் செய்கிறார்கள் என்றால் அந்த ப்ராஜெக்டின் விவரம் முழுசும் அந்தக் கோடில் இல்லை என்று அர்த்தம். மிச்சம் இன்டர்நெட்டில் இருக்கு, தினமும் மாறிக்கொண்டு.

வெள்ளி அவங்க ரிலீஸ், ஞாயிறு நம்ம வேலை

கல்ஃபில் இருக்கிறவங்களுக்கு இதில் தனியா ஒரு சிக்கல் உண்டு. அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள். ஷார்ஜா அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் இன்னும் வெள்ளி, சனிதான். அங்கே ஞாயிறு காலை முழு வேலை நாள்.

நாம் பயன்படுத்தும் கருவிகளைப் பெரும்பாலும் செய்கிறவங்க ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்காங்க. அவங்களுக்கு வெள்ளி வேலை நாள், ரிலீஸ் நாள். ரியாத்தில் அன்று யாரும் பில்ட் செய்வதில்லை. உடைந்தது தெரிய வருவது ஞாயிறு காலை. அப்போ அங்கே எல்லாரும் தூங்குறாங்க அல்லது குழந்தைகளோடு பார்க்கில் இருக்காங்க. நடுவில் ஷார்ஜாவிலும் சென்னையிலும் சனிக்கிழமை வேலை செய்கிற ரெண்டு பேர்.

அந்த வாரத்தின் தேதியையும் பாருங்க. பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட் போடணும்னா டார்கெட் ஏ.பி.ஐ 31 ஆக இருக்கணும் என்று கூகுள் வைத்திருந்த கெடு 2022 நவம்பர் 1. பழைய ஆப்களை வைத்திருந்தவங்க எல்லாம் அதைத் தள்ளி முடிச்சு மூச்சு விட்டு மூன்றே நாள். நவம்பர் 20இல் கத்தாரில் உலகக் கோப்பை ஆரம்பம். கத்தார் ப்ராஜெக்ட் கையில் இருந்த எந்த டெவலப்பருக்கும் அது "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லக்கூடிய மாதம் இல்லை.

இது முதல் தடவை இல்லை

2016 மார்ச் 22இல் நடந்தது நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அஸெர் கோச்சுலு என்ற டெவலப்பருக்கும் கிக் என்ற மெசேஜிங் நிறுவனத்துக்கும் ஒரு பேக்கேஜ் பெயரில் தகராறு. என்.பி.எம் அந்தப் பெயரை நிறுவனத்துக்குக் கொடுத்தது. அவர் கோபத்தில் தன் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும், 270க்கு மேல், வாபஸ் வாங்கினார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். எழுத்துக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரிக் கோட். பேபெல் போன்ற பெரிய கருவிகள் அதைச் சுற்றி வளைத்து நம்பியிருந்தன. ஆயிரக்கணக்கான பில்ட்கள் நின்றன. என்.பி.எம் அதை அன்றே திரும்பக் கொண்டு வந்து வைத்தது, பிறகு வாபஸ் வாங்கும் விதிகளையும் இறுக்கியது.

2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற பேக்கேஜின் ஆசிரியரே அதில் முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டு வெளியிட்டார். லாக் ஃபைல் வைத்து, அதை மதித்து பில்ட் செய்தவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகலை. "இதே மேஜர் வரிசையில் இதுக்கு மேலான புது வெர்ஷன் எதுவானாலும் சரி" என்று தொப்பிக் குறி போட்டுத் திறந்து விட்டிருந்தவங்க மாட்டினாங்க.

முதலாவதில் இருந்த பொருள் காணாமல் போனது. ரெண்டாவதில் வேணும் என்றே கெடுத்தார்கள். ரியாக்ட் நேட்டிவ் விஷயத்தில் ரெண்டும் இல்லை. நல்ல எண்ணத்தோடு புதுசா ஒரு பொருளை வைத்தார்கள், அவ்வளவுதான். யாரும் தப்பு செய்யாமலேயே உடையலாம்.

அப்போ எல்லாத்தையும் பூட்டிடலாமா?

அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் எனக்கு முதலில் வந்த வெறி அதுதான். எல்லா வெர்ஷனையும் எண் போட்டுப் பூட்டு, யாரும் தொடாதே. தப்பு.

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியே வந்தது. பத்துக்குப் பத்து ஆபத்து மதிப்பெண். 2.14.1 வரை பாதிப்பு. அந்த மாதத்துக்குள் 2.15, 2.16, 2.17 என்று வரிசையாகத் திருத்தம் வந்தது. பூட்டி வைத்து சாவியைத் தொலைத்தவங்க அன்னிக்குத்தான் அழுதாங்க. வருஷக் கணக்கில் அப்டேட் செய்யாத ப்ராஜெக்டில் ஒரு லைப்ரரியை மாற்ற, அது இன்னொன்றைக் கேட்க, அது புது ஜாவாவைக் கேட்க, ஒரு மணி நேரத் திருத்தம் ஒரு வாரமாகும்.

கடைக்காரர்களும் சும்மா விட மாட்டாங்க. பிளே ஸ்டோர் கெடு வருஷா வருஷம் வரும்: 2023 ஆகஸ்ட் 31இல் 33, 2024 ஆகஸ்ட் 31இல் 34, 2025 ஆகஸ்ட் 31இல் 35. ஆப்பிளும் அப்படித்தான். 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16 அல்லது அதுக்குப் பிந்தினதில் பில்ட் செய்ததைத்தான் ஆப் ஸ்டோருக்கு ஏற்றலாம் என்று விதி வைத்தது. எக்ஸ்கோட் வளர வளர பழசை உதறும். 2023 மார்ச்சில் வந்த எக்ஸ்கோட் 14.3 ஆர்க்லைட் என்ற பழைய லைப்ரரி ஃபைலை எடுத்துவிட்டது. ரொம்பப் பழைய ஐ.ஓ.எஸ் அளவைக் குறித்து வைத்திருந்த காக்கோபாட்ஸ் பேக்கேஜ்கள் எல்லாம் அன்றிலிருந்து "ஃபைலைக் காணோம்" என்று நின்றன. மேக்கில் ஆட்டோ அப்டேட் ஆன் செய்திருந்தவங்க தூங்கி எழுந்து பார்த்தா ப்ராஜெக்ட் ஓடலை.

ஆக, திறந்து விட்டாலும் அடி, பூட்டி வைத்தாலும் அடி. நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: பூட்டணும், ஆனா எப்போ திறப்போம் என்று நாள் குறிச்சுப் பூட்டணும். மாற்றம் எப்படியும் வரும். அது நாம் தேர்ந்தெடுத்த செவ்வாய்க்கிழமை வரணுமா, டெலிவரிக்கு முந்தின சனிக்கிழமை வரணுமா என்பது மட்டும்தான் நம்ம கையில் இருக்கு.

சத்தமில்லாமல் உடைவது

பில்ட் சிவப்பாகிறது நல்ல உடைசல். குறைந்தபட்சம் தெரியுது. பச்சையாகவே இருந்து உடைவது ஒன்று உண்டு.

2023 மார்ச்சில் வந்த ஜாவா 20, யூனிகோடின் சி.எல்.டி.ஆர் 42 தகவல்களை எடுத்துக்கொண்டது. அதில் ஆங்கில நேரத்தை எழுதும்போது, எண்ணுக்கும் ஏ.எம், பி.எம்முக்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளி போய், குறுகலான வேறு ஒரு இடைவெளி எழுத்து வந்தது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. நிறையப் பேர் இதைச் சந்தித்தது அதே வருஷம் செப்டம்பரில் வந்த ஜாவா 21இல், ஏன்னா நீண்ட கால ஆதரவு வெர்ஷன் அதுதான்.

நான் பார்த்த ஒரு புக்கிங் பேக்கெண்டில் ஒரு பக்கம் ஜாவா தரும் ஃபார்மட்டில் நேரத்தை எழுதுகிறது, இன்னொரு பக்கம் சாதாரண இடைவெளியை எதிர்பார்த்து அதைப் பிரிக்கிறது. ஜாவாவை மாற்றினோம். பில்ட் பச்சை. மதியம் புக்கிங் எல்லாம் விழ ஆரம்பித்தது. லாகில் "3:30 பி.எம்மைப் படிக்க முடியலை" என்று இருக்கு. திரையில் பார்த்தா 3:30 பி.எம் என்று அழகா தெரியுது. எழுத்து எழுத்தா எண்ணாக மாற்றிப் பார்க்கும் வரை ஒருத்தருக்கும் புரியலை. தேதி, நேரம், அரபு எண்கள், ஹிஜ்ரி நாள்காட்டி என்று லோக்கல் அமைப்புகளை அதிகம் தொடும் நம்ம ஊர் ப்ராஜெக்ட்களில் இதுக்கென்று ஒரு டெஸ்ட் இருந்தே ஆகணும்.

பில் யாருக்கு?

ஞாயிறு காலை ஏ.பி.கே அனுப்பினேன். மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பினேன்: எழுத்துத் திருத்தம் அரை மணி, பில்ட் சரிசெய்தல் ஒரு நாள். ரியாத்திலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். மரியாதையான மனுஷன். கோபப்படலை. "பிரதர், நாங்க எதையும் மாத்தலை. நீங்களும் மாத்தலைன்னு சொல்றீங்க. அப்புறம் எதை ஒரு நாள் சரி பண்ணீங்க?"

பதில் சொல்லத் திணறினேன். கூட்டல் குறி, மேவன், எதிர்க் கடை எல்லாம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி அதைப் பற்றி இல்லை. ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தேன். ஏ.எம்.சியில் ரெண்டே வகை இருந்தது: பிழை திருத்தம், அது என் செலவு, புது வசதி, அது அவங்க செலவு. இது ரெண்டிலும் சேராது. பிழை என்றால் என் தலையில். கடைசியில் பாதி நாளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுட்டேன்.

காண்டிராக்டராக இருக்கும் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பாதி நாட்களைச் சத்தமில்லாமல் முழுங்குறாங்க. ரின்யூவல் போயிடுமோ, ஆளை மாத்திடுவாங்களோ என்ற பயம். விசா வேலையோடு கட்டியிருக்கும் ஊரில் அந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணிட்டு, காலையில் ஒண்ணும் நடக்காத மாதிரி மெயில் போடுவோம். அப்படிச் செய்யச் செய்ய கிளையண்டுக்கு அந்த வேலை இருப்பதே தெரியாது. தெரியாத வேலைக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டாங்க.

அடுத்த ரின்யூவலில் வேறு மாதிரி பேசினேன். "உங்க ஆபீஸ் ஏசிக்கு ஏ.எம்.சி இருக்கா?" இருக்கு. "வெயில் ஆரம்பிக்கும் முன்னாடி ஃபில்டர் சுத்தம் பண்ணி, கேஸ் பார்த்துட்டுப் போறாங்களே, நீங்க ஏசியை உடைச்சதாலயா?" சிரித்தார். "மணல் வரும், தூசி வரும். ஏசியை யாரும் தொடலைன்னாலும் அடைக்கும். இதுவும் அப்படித்தான்."

கல்ஃபில் ஒரு ஜூன் மாதம் ஏசி இல்லாமல் இருந்தவர் யாருக்கும் இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூன்றாவது வகையாக ஒரு வரி சேர்ந்தது: வெளிக் கருவிகள், லைப்ரரிகள், ஆப் ஸ்டோர் விதிகள் மாறுவதால் வரும் வேலை. காலாண்டுக்கு ரெண்டு நாள் முன்கூட்டியே ஒதுக்கீடு, அதுக்கு மேல் போனால் மணிக்கணக்கு. கையெழுத்துப் போட்டார்.

இப்போ நான் செய்வது

புது ப்ராஜெக்ட் கைக்கு வந்தால் முதல் நாள் கோட் படிக்கிறதில்லை. சுத்தமான மெஷினில், கேஷ் எதுவும் இல்லாமல், ரீட்மீயை மட்டும் வைத்து பில்ட் ஆகுதா என்று பார்க்கிறேன். ஆகலைன்னா ஹேண்டோவர் முடியலை என்று அன்னிக்கே மெயில் போடுவேன். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அது நம்ம பிழையாகிவிடும்.

அடுத்து +, தொப்பிக் குறி, "லேட்டஸ்ட்" என்ற சொல் மூன்றையும் தேடுவேன். டாக்கர் இமேஜில் லேட்டஸ்ட் என்று எழுதியிருப்பதும் அதே கூட்டல் குறிதான், வேறு வேஷம். கிரேடிலில் இப்படி மாறும் வெர்ஷன் இருந்தால் பில்டையே நிறுத்தச் சொல்லும் ஒரு அமைப்பு இருக்கு. அதை ஆன் செய்வேன். லாக் ஃபைலை கிட்டில் சேர்ப்பேன். பில்ட் சர்வரில் 'என்.பி.எம் இன்ஸ்டால்' இல்லை, 'என்.பி.எம் சி.ஐ'. முதலாவது லாக் ஃபைலை மாற்ற வாய்ப்பு உண்டு. ரெண்டாவது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே எடுக்கும், பேக்கேஜ் ஃபைலோடு பொருந்தலைன்னா நின்றுவிடும். நோட், ஜாவா, கிரேடில், எக்ஸ்கோட் எந்த வெர்ஷன் என்று ப்ராஜெக்டுக்குள்ளேயே எழுதி வைப்பேன்.

முக்கியமான ப்ராஜெக்ட் என்றால் நெக்ஸஸ் மாதிரி ஒரு சொந்தக் கிடங்கு. எடுத்த லைப்ரரிகளின் நகல் நம்மகிட்ட இருக்கும். ஜேசென்டர் என்ற பெரிய கிடங்கை மூடப் போவதாக ஜேஃப்ராக் 2021 பிப்ரவரியில் அறிவித்தபோது, எண் போட்டுப் பூட்டியிருந்தவங்களும் ஓடினாங்க. கடையே மூடினால் எந்த எண் எழுதியிருந்து என்ன பயன்?

சைனிங் கீ இப்போ ரெண்டு பேரிடம் இருக்கு, பாதுகாப்பாக.

கடைசியா, மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தம்பி கேட்டான், "செவ்வாய்க்கிழமையா அண்ணா? எங்க அம்மா செவ்வாய்க்கிழமை சோப்பு கூட புதுசு பிரிக்க மாட்டாங்க." ஆனா ரியாத், துபாய், சென்னை, லண்டன் நாலு ஊரிலும் எல்லாரும் முழிச்சு ஆபீசில் இருக்கும் நாள் அது. அன்று தனி பிராஞ்சில் வெர்ஷன்களைத் திறந்து விட்டு, சுத்தமான மெஷினில் பில்ட் கொடுப்பான். எது உடையுதோ அன்றைக்கே குறித்துக்கொண்டு, ஒதுக்கின நேரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சரி செய்வோம். உடையலைன்னா புது லாக் ஃபைலோடு திரும்பப் பூட்டுவோம். முதல் மாதம் பதினேழு எர்ரர் வந்தது. இப்போ ரெண்டோ மூணோ. சில மாதம் ஒன்றும் இருக்காது, அன்னிக்கு மட்டும் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அந்த டெலிவரி ஆப் இன்னும் ஓடுது. போன வருஷம் அதே பட்டனில் இன்னொரு எழுத்தை மாற்றச் சொன்னாங்க. அரை மணி நேரத்தில் முடிஞ்சது.

உங்க ஏ.எம்.சியில் இந்த மூன்றாவது வரி இருக்கா? இருந்தா எப்படி எழுதினீங்க, கிளையண்ட் என்ன சொன்னார்? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. கம்பெனி பெயர் வேண்டாம், கதை போதும். நல்லா இருந்தா அடுத்த எபிசோடில் பேசுவோம்.